கடலுக்குப் போய்த் திரும்பும் கேமராக் கூடு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அந்தமானின் ஹேவ்லாக்கில், இப்போதைய பெயரில் சுவராஜ் தீவில், ஒரு விடுதி அறை. கட்டிலில் உட்கார்ந்து ஒரு தம்பி, கடலுக்கடியில் படமெடுக்கக் கேமராவை உள்ளே வைத்து மூடும் தன் புதுக் கூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாழ் இரண்டும் திறந்துவிட்டன. பின்கதவு மட்டும் அசையவில்லை. கத்தி முனையை இடுக்கில் நுழைக்கப் போனவரைத் தடுத்து, "கடைசியாக எங்கே மூடினீர்கள்?" என்று கேட்டேன். "பெங்களூரில், வீட்டில்" என்றார்.

பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. அந்தக் காற்றை உள்ளே வைத்து மூடிய கூடு கடற்கரைக்கு வந்ததும், வெளிக்காற்று கதவை உள்நோக்கி அழுத்துகிறது. 18 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம் உள்ள கதவென்றால் அந்த அழுத்தம் சுமார் 27 கிலோ எடைக்குச் சமம். நகத்தால் நெம்பித் திறக்கிற விஷயம் அல்ல அது. கூட்டின் மேலிருந்த, உள்காற்றை இழுத்து வெளியேற்றுவதற்கான வெற்றிட வால்வின் மூடியை மெல்லத் திருகினோம். 'உஸ்' என்று காற்று உள்ளே போனது. கதவு தானாகக் கையோடு வந்தது. கத்தி நுழைந்திருந்தால், நீரைத் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் உட்காரும் பள்ளத்தில், அதாவது காடியில், கீறல் விழுந்திருக்கும். அதன் பிறகு அந்தக் கூட்டை நம்பித் தண்ணீருக்குள் போக முடியாது.

ஹவுசிங் என்று எல்லோரும் சொல்லும் இந்த நீர்புகாக் கூடு, ஒரு முக்குளிப்பில் ஒரு மணி நேரம்தான் கடலுக்குள் இருக்கிறது. நாளின் மீதி நேரமும், ஆண்டின் மீதி மாதங்களும் அது அலமாரியிலோ பையிலோ படகுப் பலகையிலோதான் கிடக்கிறது. நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை அங்கேதான் தொடங்கின. ஆகவே முதல் பாடம் இதுதான்: கூடு இறுக்கி மூடியிருக்க வேண்டியது தண்ணீருக்குப் போகும்போது மட்டும். மற்ற எல்லா நேரத்திலும் அது காற்றாட இருக்கட்டும். சென்னையிலிருந்து அந்தமானுக்கு ஒரு பயணம் போய்த் திரும்புவதாக வைத்துக்கொண்டு மற்றதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

புறப்பட ஒரு வாரம் இருக்கும்போது

கூட்டை மேசைமேல் வைத்து, கேமரா இல்லாமல் திறந்து பாருங்கள். பொத்தான்கள் ஒவ்வொன்றையும் அழுத்துங்கள். அழுத்தியது சட்டென்று எழும்பி வர வேண்டும். மந்தமாக எழும்பினால் உள்ளே உப்பு படிந்திருக்கிறது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் மூடிய கூட்டை ஊறவைத்து, நீருக்குள்ளேயே அந்தப் பொத்தானைப் பலமுறை அழுத்திப் பாருங்கள். அப்போதும் சரியாகவில்லை என்றால் பழுது பார்ப்பவரிடம் கொடுக்க ஒரு வாரம் கையில் இருக்கிறது. இதை முந்தின நாள் இரவு செய்வதில் பயனில்லை.

அடுத்து ஓ-ரிங். இந்த மெல்லிய ரப்பர் வளையம்தான் கடலுக்கும் கேமராவுக்கும் நடுவே நிற்கிறது. அதைக் கழற்ற ஊக்கு, சேஃப்டி பின், கத்தி எதுவும் வேண்டாம். இரண்டு பெருவிரல்களாலும் வளையத்தை எதிரெதிராகத் தள்ளினால் நடுவில் மேடாக எழும்பும்; அங்கே பிடித்து எடுக்கலாம். முடியாவிட்டால் காலாவதியான ஏடிஎம் அட்டையின் மூலை போதும். எடுத்த வளையத்தை விளக்கின் கீழ் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முழுச் சுற்றும் ஓட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாத மணல் துகளும் வெட்டும் விரலுக்குத் தெரியும். வளையத்தின் குறுக்குவெட்டு உருண்டையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் நீண்ட நாள் அழுத்தத்தில் கிடந்திருக்கிறது என்று அர்த்தம், மாற்றிவிடுங்கள். முதன்மை ஓ-ரிங் ஒன்றைக் கூடுதலாக வாங்கிப் பையில் வைக்காமல் தீவுக்குப் போகாதீர்கள். அங்கே உங்கள் மாடலுக்கான வளையம் கடையில் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

காடியைப் பஞ்சுக் குச்சியால் துடைக்கும் வழக்கம் பலரிடம் இருக்கிறது. பஞ்சின் ஒரு இழை காடியில் தங்கினாலும் நீர் கசிய வழி கிடைத்துவிடும். மூக்குக்கண்ணாடி துடைக்கும், நார் உதிராத துணியை அட்டையின் விளிம்பில் சுற்றித் துடைப்பது மேல்.

கிரீஸ் விஷயத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, கிரீஸ்தான் நீரைத் தடுக்கிறது என்று நினைத்து அப்புவது. நீரைத் தடுப்பது ரப்பர். அது காடியில் வழுக்கி ஒழுங்காக உட்காரத்தான் கிரீஸ். முதன்மை வளையத்துக்கு ஒரு பச்சைப்பயறு அளவு போதும். தடவிய பிறகு வளையம் பளபளக்க வேண்டும், கட்டி எதுவும் கண்ணில் படக் கூடாது. மிச்சமான கிரீஸில் மணலும் முடியும் ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது தவறு, கையில் கிடைத்ததைத் தடவுவது. தேங்காய் எண்ணெய், வாசலின், சைக்கிள் கிரீஸ் எதுவும் ஆகாது. ஒரு நிறுவனத்தின் கிரீஸை இன்னொரு நிறுவனத்தின் வளையத்துக்குப் போடுவதும் ஆபத்து. கறுப்பு நைட்ரைல் ரப்பர் வளையங்களுக்கு ஏற்ற சிலிக்கோன் கிரீஸ், சிலிக்கோன் ரப்பரால் ஆன வளையத்தை ஊதிப் பெருக்கச் செய்யலாம். ஊதிய வளையம் காடியில் உட்காராது. கூட்டோடு வந்த குழாயில் இருப்பதை மட்டும் பயன்படுத்துங்கள்.

எந்தப் பையில் எது

இந்தியாவில் பெரும்பாலான உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி. பெலிகன் போன்ற கடினமான பிளாஸ்டிக் பெட்டிகளில் கேபினுக்கு ஏற்ற அளவுள்ளவற்றிலேயே சில வெறுமையாக 5 கிலோவைத் தாண்டும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும். உள்ளே வைக்க 2 கிலோகூட மிச்சம் இருக்காது. புதியவர்களுக்கு நான் சொல்வது: கைக்கு ஒரு கிலோவுக்குள் எடையுள்ள, மெத்தையிட்ட சாதாரண முதுகுப்பை. கடினப் பெட்டி வேண்டுமென்றால் அதைச் சரக்கில் போடும் பெட்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதுகுப்பையில் கேமரா, லென்ஸ்கள், டோம் போர்ட் (லென்ஸுக்கு முன்னால் கூட்டில் மாட்டும் குவிந்த முகப்பு), லித்தியம் பேட்டரிகள். எடை இடம் கொடுத்தால் கேமராக் கூடும், ஸ்ட்ரோப் என்கிற நீருக்கடி ஃபிளாஷ் விளக்குகளும். இடம் இல்லாவிட்டால் சரக்குக்குப் போக வேண்டியது முதலில் ஸ்ட்ரோபைத் தாங்கும் கைகள், அவற்றை இணைக்கும் கவ்விகள், கூட்டைப் பொருத்தும் அடித்தட்டு. அலுமினியத் துண்டுகளுக்கு எதுவும் ஆகாது. அடுத்து ஸ்ட்ரோப். கடைசியாகத்தான் கூடு. கூட்டைச் சரக்கில் போட்டே ஆக வேண்டும் என்றால், உள்ளே ஒரு டீ-ஷர்ட்டைச் சுருட்டி வையுங்கள். வெளியே வெட்சூட் எனும் முக்குளிப்பு உடையால் சுற்றுங்கள். பெட்டியின் இரு பக்கச் சுவரிலும் காலில் மாட்டும் நீச்சல் துடுப்புகளை நிறுத்துங்கள். அடி விழுந்தால் அதை அந்தத் துடுப்புகள் வாங்கிக்கொள்ளும். தனியாக நுரை வாங்கத் தேவையில்லை.

கேமராவைக் கூட்டுக்குள் மாட்டியபடியே கொண்டுபோவது வசதியாகத் தோன்றும். செய்யாதீர்கள். கூடு தண்ணீரின் அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது. கீழே விழும் அதிர்ச்சியை அது அப்படியே கேமராவின் லென்ஸ் மவுண்ட்டுக்குக் கடத்திவிடும்.

அறுகோணச் சாவி, சிறு ஸ்பேனர், வெட்டுக்கத்தி எல்லாம் சரக்குப் பெட்டிக்கு. கைப்பையில் இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் போய்விடும். தூசி ஊதும் அழுத்தக்காற்று டப்பாவை எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது. ரப்பர் ஊதுபந்து ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

பேட்டரிகளுக்கு ஒரு கணக்குத் தெரிந்திருக்க வேண்டும். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி. 3.6 வோல்ட், 5000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கும் டார்ச் பேட்டரி 18 வாட்-மணி. 100 வாட்-மணி வரை சொந்தப் பயன்பாட்டுக்குக் கேபினில் எடுத்துச் செல்லலாம். 100 முதல் 160 வரை என்றால் விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு. அதற்கு மேல் பயணியாக எடுத்துச் செல்லவே முடியாது. தனி லித்தியம் பேட்டரியும் பவர் பேங்கும் சரக்குப் பெட்டியில் இருக்கக் கூடாது. முனைகள் ஒன்றோடொன்று உரசாதபடி ஒவ்வொன்றையும் தனி உறையில் இட்டு, முனையில் செல்லோடேப் ஒட்டுங்கள். முக்குளிப்பு டார்ச்சுக்கும் வீடியோ விளக்குக்கும் ஒரு படி கூடுதல் கவனம் தேவை. பைக்குள் தற்செயலாக எரிந்தால் துணியைப் பற்றவைக்கும் சூடு அவற்றுக்கு உண்டு. பேட்டரியைக் கழற்றி வையுங்கள். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

திரிகோணமலைக்கோ மாலத்தீவுக்கோ போகிறவர்கள், புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிட்டால், திரும்பும்போது "இது வெளிநாட்டில் வாங்கியதா?" என்ற கேள்விக்கு அதைக் காட்டலாம். கருவிகளின் வரிசை எண்களும் ரசீதுகளும் கைபேசியில் இருக்கட்டும்.

விமானத்துக்குள் கூடு திறந்திருக்கட்டும்

விமானம் மேலே போனதும் கேபினின் காற்றழுத்தம் சுமார் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பது போலக் குறையலாம். அதாவது தரையில் இருந்ததில் முக்கால் பங்கு. சென்னையில் மூடிய கூட்டுக்குள் முழு அழுத்தம் அப்படியே இருக்கும். முன்பு சொன்ன அதே கதவை இப்போது உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை 65 கிலோ எடைக்கு மேல். தாழும் கீலும் அதைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கூடு வெளியிலிருந்து வரும் அழுத்தத்துக்கானது. சரக்கு அறையிலும் இதே அழுத்தம்தான்.

ஆகவே முதன்மை ஓ-ரிங்கைக் கழற்றி, சிறு ஜிப் பையில் போட்டு, கூட்டின் உள்ளே வையுங்கள். கதவை மெல்லச் சாத்தித் தாழ் போட்டாலும் காற்று போய்வரும். வெற்றிட வால்வு இருந்தால் அதன் மூடியையும் கழற்றிவிடுங்கள். ஸ்ட்ரோபின் பேட்டரி மூடியும் டார்ச்சின் பின்மூடியும் இதே கதைதான். அவற்றைத் தளர்த்தி வையுங்கள். கடினப் பெட்டியின் முகப்பில் ஒரு சிறு திருகு இருந்தால் அது அழுத்தம் விடும் வால்வு. புறப்படும் முன் அதைத் திறந்துவிட வேண்டும். தானாக இயங்கும் வால்வு என்றால் கவலை இல்லை.

போர்ட் பிளேரில் (2024இலிருந்து ஸ்ரீ விஜயபுரம்) இறங்கி ஹேவ்லாக்குக்குக் கப்பல் ஏறும்போது பெரிய பெட்டிகளை ஓரிடத்தில் குவிப்பார்கள். கேமராப் பையை அந்தக் குவியலுக்குக் கொடுக்காதீர்கள். மடியில் வைத்துக்கொள்ளலாம், காலடியில் வேண்டாம், தளத்தில் தண்ணீர் ஓடும்.

முக்குளிப்புக்கு முந்தின இரவு

பூட்டும் வேலையை இரவே முடியுங்கள். காலையில் அவசரம் இருக்கும், கை நடுங்கும். குளித்து, தலையைத் துவட்டி, மின்விசிறியை அணைத்து, குளிரூட்டிய அறையில் உட்காருங்கள். குளிரூட்டிய அறையின் காற்று உலர்ந்தது. புழுக்கமான வராந்தாவில் மூடினால் உள்ளே அடைபடும் ஈரம், கடலின் குளிர்ச்சி பட்டதும் போர்ட்டின் உட்புறம் பனியாகப் படிந்துவிடும். ஒரு சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்தையும், கதவில் சிக்காத இடமாகப் பார்த்து, உள்ளே வையுங்கள்.

ஓ-ரிங்கைப் போட்டு, மூடுவதற்கு முன் வளையத்தைச் சுற்றிலும் ஒருமுறை பார்வையை ஓட்டுங்கள். பெரும்பாலும் வில்லன் ஒரு தலைமுடிதான். கேமராப் பட்டையின் நுனி, பொட்டலத்தின் மூலை ஆகியவையும் கதவில் மாட்டும். வெற்றிட பம்ப் உள்ளவர்கள் காற்றை இழுத்துவிட்டு இரவு முழுக்க அப்படியே விடுங்கள். விடிந்தும் கூட்டின் வெற்றிடம் காட்டும் விளக்கு பச்சையாக இருந்தால் மூடியது சரி.

முதல் பயணத்தில் இன்னொன்றும் செய்யுங்கள். முதல் முக்குளிப்புக்குக் கேமரா இல்லாமல், உள்ளே ஒரு டிஷ்யூ தாளை மடித்து வைத்து, வெறும் கூட்டைக் கொண்டுபோங்கள். படம் எடுக்காமல் ஒரு முக்குளிப்பு போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். ஆனால் மேலே வந்து அந்தத் தாள் காய்ந்திருப்பதைப் பார்க்கும்போது வரும் நிம்மதிக்கு அது தகும்.

ஆழத்தைவிட மேல்நீரில்தான் கசிவு அதிகம் நேர்கிறது. 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுவதால் கீழே போகப் போக நீரே கதவை வளையத்தின் மேல் இறுக்குகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த உதவி இல்லை. தண்ணீரில் இறங்கியதும் படகோரம் அரை நிமிடம் நின்று, கூட்டைத் திருப்பி, குமிழி வருகிறதா, உள்ளே துளி தெரிகிறதா என்று பாருங்கள்.

படகில்

கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு நீரில் குதிக்காதீர்கள். நீங்கள் இறங்கிய பிறகு படகில் இருப்பவர் எடுத்துக் கொடுக்கட்டும். "ஸ்ட்ரோப் கையைப் பிடிக்காதீர்கள் அண்ணா, கைப்பிடியைப் பிடித்துக் கொடுங்கள்" என்று கிளம்பும் முன்பே சொல்லி வையுங்கள்.

ஐஸ் பை என்று விற்கும், வெப்பம் புகாத மென்மையான பை ஒன்றை நான் எப்போதும் எடுத்துப்போகிறேன். கரையிலிருந்து படகுக்கு முழங்கால் தண்ணீரில் நடக்கும்போது அது தோளில் தொங்கும். படகில் கூட்டை வெயில் படாமல் வைக்கும். இரண்டு முக்குளிப்புக்கு நடுவே நல்ல தண்ணீரில் நனைத்த துண்டை அதற்குள் போட்டுக் கூட்டைச் சுற்றி வைத்தால் உப்பு காயாது. உப்புநீர் ஈரமாக இருக்கும்வரை கழுவினால் போய்விடும். காய்ந்து படிகமாகிவிட்டால் பொத்தானின் தண்டைச் சுற்றிக் கல்லாக உட்கார்ந்து, அடுத்த அழுத்தலில் சின்ன வளையத்தை அறுக்கும்.

படகில் கூட்டைத் திறக்க நேராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் முழு பேட்டரி, காலியான மெமரி அட்டை. திறந்தே ஆக வேண்டும் என்றால் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையைத் துடைத்து, கூட்டை முகம் கீழாகச் சாய்க்காமல் கதவுப் பக்கம் தாழ்ந்திருக்கப் பிடியுங்கள். காடியில் தங்கிய துளிகள் கேமராமேல் விழாமல் வெளியே வடியும்.

திரும்பி வந்ததும் கழுவுதல்

சோர்வாக இருக்கும், பசிக்கும். இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

முக்குளிப்பு நிலையங்களில் கேமராவுக்கென்று ஒரு தொட்டி இருக்கும். அதில் முக்கி எடுங்கள்; விட்டுவிட்டுப் போகாதீர்கள். பத்துப் பேரின் கேமரா ஒன்றின்மேல் ஒன்று மோதும். என் முதல் டோமில் விழுந்த கீறல் கடலில் விழுந்தது அல்ல. அப்படியொரு தொட்டியில் யாரோ ஒருவரின் கவ்வி உரசியது. அக்ரிலிக் பிளாஸ்டிக் டோம் என்பதால் மெருகேற்றி எடுக்க முடிந்தது. கண்ணாடி டோமாக இருந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

அறைக்குப் போய், வாளியில் நல்ல தண்ணீர் நிரப்பி, மூடிய கூட்டைக் குறைந்தது அரை மணி நேரம் ஊறவையுங்கள். ஊறும்போதே ஒவ்வொரு பொத்தானையும் சக்கரத்தையும் நெம்புகோலையும் இருபது முறையாவது அசையுங்கள். நீர் தண்டுக்குள் போய் உப்பைக் கரைத்து வர வேறு வழி இல்லை. கைகளையும் கவ்விகளையும் தளர்த்திப் போட்டால் உருண்டை மூட்டுகளுக்குள் இருக்கும் உப்பும் கரையும். குழாயின் வேகமான நீரை மூட்டுகளில் பீய்ச்சாதீர்கள். அந்த வேகம் வளையத்தைத் தாண்டி உள்ளே போகக்கூடும்.

பிறகு நிழலில் மின்விசிறிக்குக் கீழே உலர்த்துங்கள். வெயில் வேண்டாம், ஹேர் டிரையர் வேண்டாம். டோமைத் துடைக்க ஸ்பிரிட்டோ சானிடைசரோ படக் கூடாது; ஆல்கஹால் பட்ட அக்ரிலிக்கில் மயிரிழை வெடிப்புகள் ஓடும். வெளிப்பக்கம் முழுதாகக் காய்ந்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும்.

வீட்டில், அடுத்த பருவம் வரை

அந்தமானில் முக்குளிப்புப் பருவம் பெரும்பாலும் நவம்பரிலிருந்து மே வரை. கருவி வீட்டில் தூங்கும் மாதங்களில்தான் தென்மேற்குப் பருவமழையும், அதைத் தொடர்ந்து சென்னையின் ஐப்பசி மழையும் வருகின்றன. பூஞ்சைக்குக் கொண்டாட்டம். ஒருமுறை கேமராவையும் லென்ஸையும் கூட்டுக்குள்ளேயே மூடிவைத்து ஒரு மழைக்காலத்தைக் கழித்தேன். காற்றுப்புகாத இடம், பத்திரமாக இருக்கும் என்று நினைத்தேன். டிசம்பரில் திறந்தபோது லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்தி வலைபோல் வெள்ளை நரம்புகள் படர்ந்திருந்தன. முதன்மை வளையமும் தட்டையாகிப்போயிருந்தது.

இப்போது இப்படிச் செய்கிறேன். கேமராவும் லென்ஸும் போர்ட்டும் உலர்பெட்டிக்குள், ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காடு. மின்சார உலர்பெட்டி வாங்க முடியாதவர்கள் ரப்பர் விளிம்புள்ள பிளாஸ்டிக் டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும் ஒரு சிறு ஈரமானியும் போட்டால் போதும். ஜெல் நிறம் மாறியதும் அடுப்பில் வறுத்து மறுபடி பயன்படுத்தலாம். அரிசிக்குள் புதைப்பது வேண்டாம். அரிசி மாவு எல்லா இடுக்கிலும் புகும். அந்துருண்டையும் வேண்டாம். அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், கண்ணாடியில் படியும்.

கூட்டுக்கு உலர்பெட்டி தேவையில்லை. போர்ட்டைக் கழற்றி, துளைக்கு மூடி போட்டு, முதன்மை வளையம் இல்லாமல், கதவைத் தாழிடாமல் சாத்தி, பருத்தித் துணிப் பையில் இட்டு, அலமாரியின் நடுத்தட்டில் வைத்தால் போதும். மேல்தட்டு சூடு, கீழ்த்தட்டு ஈரம். ஸ்ட்ரோப்பிலும் டார்ச்சிலும் பேட்டரி இருக்கக் கூடாது. ஒழுகிய பேட்டரி முனையை அரித்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாடு. லித்தியம் பேட்டரிகளைப் பாதி மின்னூட்டத்தில் வையுங்கள். ஸ்ட்ரோபைக் கூட்டோடு இணைக்கும் ஒளியிழைக் கம்பிகளை மடிக்காமல் பெரிய வளையமாகச் சுற்றுங்கள்.

ஓ-ரிங்குகளைக் கழுவி, துடைத்து, மிக மெல்லிய கிரீஸ் பூச்சோடு ஜிப் பையில் இடுங்கள். ஆணியில் தொங்கவிட்டால் நீளும். வெயில் பட்டால் வெடிக்கும். பையின்மேல் எந்தக் கூட்டின் வளையம், எந்த மாதம் மாற்றியது என்று மார்க்கரில் எழுதுங்கள். முதன்மை வளையத்தின் பையை மட்டும் கூட்டின் கைப்பிடியில் ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். அடுத்த பருவத்தில் அவசரமாகக் கூட்டை எடுக்கிறவரின் கையில் முதலில் தட்டுப்படுவது அந்தப் பையாக இருக்க வேண்டும்.